வார்ப்பு முறைகளின் பெயர்களைப் புரிந்துகொள்வது எப்படி? சொற்களும் தோற்றமும்: ஒரு முழுமையான வழிகாட்டி

உலோக வார்ப்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கும்போது பெயர்களே முதல் முட்டுக்கட்டை. ‘லாஸ்ட் வாக்ஸ்’, ‘சிர் பெர்டு’, ‘இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்’, ‘மதூச்சிட்ட விதானம்’ என்று நான்கு பெயர்கள் வரும். அடிப்படையில் நான்கும் ஒன்றே. ‘டை காஸ்டிங்’ என்பது ஒரே பெயர்தான், ஆனால் பிரிட்டனில் ஒரு பொருள், அமெரிக்காவில் வேறொரு பொருள். ‘கிரீன் சேண்ட்’ எனப்படும் மணலில் பச்சை நிறம் துளியும் இருக்காது. ‘காஸ்ட் ஸ்டீல்’ என்று முத்திரை குத்திய பழைய உளி, உளியாக வார்க்கப்பட்டதே கிடையாது.

பெயர் வைத்தவர்கள் எல்லோரும் ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள் அல்லர். மணி வார்த்தவர்கள் சிலர், பீரங்கி வார்த்தவர்கள் சிலர், அச்செழுத்து வார்த்தவர்கள், பல் மருத்துவர்கள், நகைக் கொல்லர்கள் என்று பலர். தன் கண்ணுக்கு எது பெரிதாகப் பட்டதோ அதை வைத்து ஒவ்வொருவரும் பெயரிட்டார்கள். ஒருவருக்கு மெழுகு கரைந்துபோவது பெரிது. இன்னொருவருக்கு அந்த மெழுகைப் போர்த்தும் மண் பெரிது. ஆகவே பெயர்களை மனப்பாடம் செய்வது வீண். அந்தப் பெயர் எந்தக் கேள்விக்கு விடை என்று கண்டுபிடித்துவிட்டால் மிச்சம் தானாகப் பிடிபடும். அதற்கான வழியைத்தான் படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

படி 1: அடிச்சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

தமிழில் இந்தத் தொழிலின் வேர் ‘வார்’ என்ற வினை. ஊற்று, ஒழுகவிடு என்று பொருள். தாரை வார்ப்பதும் அதே வினைதான். லத்தீனிலும் கதை இதுவே: ‘ஊற்று’ என்று பொருள்படும் ‘ஃபுண்டெரே’ என்ற வினையிலிருந்துதான் ‘ஃபவுண்டரி’ வந்தது. கணினியில் எழுத்துருவைக் குறிக்கும் ‘ஃபாண்ட்’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்தது. ஒரு காலத்தில் எழுத்துகள் ஈயக் கலவையில் வார்க்கப்பட்டவை என்பதற்கு அது இன்னும் மிஞ்சியிருக்கும் சான்று. ‘காஸ்ட்’ மட்டும் வேறு திசையிலிருந்து வருகிறது. பழைய நார்ஸ் மொழியில் ‘கஸ்தா’ என்றால் எறிதல்.

அடுத்து, நான்கு பொருள்களை ஒன்றோடொன்று குழப்பாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாதிரி என்பது நமக்கு வேண்டிய வடிவத்தின் நேர் உருவம். பட்டறையில் இது ‘பேட்டர்ன்’. ‘புரவலர்’ என்று பொருள்படும் ‘பேட்ரன்’ என்ற சொல்லும் இதுவும் ஒரே பிரெஞ்சுச் சொல்லின் இரண்டு கிளைகள்; பின்பற்றத் தக்கவர், பின்பற்றத் தக்க வடிவம் என்று பிரிந்துவிட்டன.

அச்சு என்பது அந்த வடிவத்தின் எதிர் உருவம், அதாவது குழி. ‘மோல்டு’. தமிழில் ‘அச்சு’ என்ற சொல் சக்கரத்தின் அச்சு, நூல் அச்சிடுதல், நாணய முத்திரை என்று பல வேலை பார்ப்பதால் கொஞ்சம் கவனம் தேவை. இந்தக் கட்டுரையில் அச்சு என்றால் உலோகம் போய் நிறையும் குழிதான்.

உள்கரு என்பது குழிக்குள் வைக்கும் திடப்பொருள். உலோகம் அதைச் சுற்றி உறையும். பிறகு அதை உடைத்து எடுத்தால் வார்ப்புக்குள் வெற்றிடம் கிடைக்கும். பட்டறையில் ‘கோர்’.

வார்ப்படம் என்பது கடைசியில் கையில் கிடைக்கும் உலோகப் பொருள்.

மாதிரிக்கும் அச்சுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் நான் பார்த்த தவறான விளக்கங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததால் வந்தவை.

படி 2: ஒவ்வொரு பெயரிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள்

எந்த முறையின் பெயரைக் கேட்டாலும் இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, வேலை முடியும்போது எது அழிகிறது? மாதிரியா, அச்சா, இரண்டுமா, ஒன்றுமே இல்லையா? மணல் வார்ப்பில் மாதிரி பிழைக்கிறது, அச்சு அழிகிறது. மெழுகு வார்ப்பில் இரண்டும் அழிகின்றன. டை காஸ்டிங்கில் அச்சு பிழைக்கிறது. மாதிரி என்ற ஒன்றுக்கே அங்கு வேலை இல்லை, ஏனென்றால் குழியை நேரடியாக எஃகில் குடைந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, அச்சை உருக்குலையாமல் பிடித்துவைப்பது எது? களிமண்ணா, பிசினா, காற்றில்லா வெற்றிடமா, திட எஃகா?

மூன்றாவது, உலோகத்தைக் குழிக்குள் செலுத்துவது எது? புவியீர்ப்பா, அழுத்தமா, சுழற்சியா?

‘லாஸ்ட் வாக்ஸ்’ முதல் கேள்விக்கு விடை. ‘ஷெல் மோல்டிங்’ இரண்டாவதற்கு. ‘சென்ட்ரிஃபியூகல்’ மூன்றாவதற்கு. ஒரே வார்ப்படத்துக்கு இந்த மூன்று பெயர்களில் இரண்டு பொருந்திவிடுவதும் உண்டு. பல் மருத்துவத்தில் மெழுகு மாதிரியிலிருந்து செய்த அச்சைச் சுழலவிட்டு உலோகத்தைச் செலுத்துகிறார்கள். அது மெழுகு வார்ப்பும்தான், சுழற்சி வார்ப்பும்தான். முரண்பாடு எதுவும் இல்லை.

படி 3: மணல் வார்ப்பை ஒரு முறை முழுக்கப் பின்தொடருங்கள்

எல்லாச் சொற்களும் ஒரே இடத்தில் கிடைப்பது மணல் வார்ப்பில்தான். அதனால் இங்கே அவசரப்படக் கூடாது.

முதலில் மணலின் பெயர். ‘கிரீன் சேண்ட்’ என்பதில் ‘கிரீன்’ என்பது ஈரம் உலராதது, சுடாதது என்ற பொருளில் வருகிறது. தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். பச்சை விறகு, பச்சை மண் என்று நாம் சொல்வது நிறத்தைப் பார்த்தா? உலராத விறகு, சுடாத மண். அதே பொருள்தான். ‘பச்சை மணல்’ என்று அப்படியே மொழிபெயர்த்தால் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரைவிடத் தமிழ் தெரிந்தவருக்கு எளிதில் புரியும். அந்த மணலில் பெரும்பங்கு சிலிக்கா. அதோடு நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை பெண்டோனைட் களிமண், சில பங்கு தண்ணீர். இரும்பு வார்ப்பதானால் நிலக்கரித் தூளும் சேரும். சூடு பட்டதும் அந்தத் தூள் வாயுவாகி, மணலுக்கும் உருகிய இரும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய திரை போல நின்று, மேற்பரப்பு சொரசொரப்பாகாமல் காக்கிறது.

மாதிரியை இரண்டு பெட்டிகளுக்கு நடுவே வைத்து மணலை இடித்து நிரப்புகிறார்கள். கீழ்ப் பெட்டி ‘டிராக்’, மேல் பெட்டி ‘கோப்’. ‘கோப்’ என்ற சொல் பாதிரியார் தோளில் போர்த்தும் நீண்ட அங்கியின் பெயர். மணி வார்த்தவர்கள், உள்கருவின் மேல் போர்த்தினாற்போலக் கவிழும் வெளி அச்சுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். தேவாலய மணிகளை வார்த்தவர்களுக்கு அங்கி நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. இரண்டு பெட்டிகளும் சந்திக்கும் தளம் ‘பார்ட்டிங் லைன்’, பிரிகோடு.

மாதிரியை எடுக்கும்போது மணல் சுவர் பெயர்ந்துவிடாதிருக்க, மாதிரியின் பக்கங்கள் லேசாகச் சரிந்திருக்க வேண்டும். அந்தச் சரிவு ‘டிராஃப்ட்’. மாதிரி வெளியே வந்த பிறகு உள்கருவை அதன் இருக்கையில் வைத்து, மேல் பெட்டியைக் கவிழ்த்து மூடி, உலோகத்தை ஊற்றுகிறார்கள். உலோகம் இறங்கும் செங்குத்துக் குழி ‘ஸ்ப்ரூ’. கிடையாக ஓடும் வாய்க்கால் ‘ரன்னர்’. வாய்க்காலிலிருந்து குழிக்குள் நுழையும் வாசல் ‘இன்கேட்’. வயலுக்கு நீர் பாய்ச்சுகிறவர் மடை, வாய்க்கால், வரப்பு வெட்டு என்று பார்ப்பதைப் போன்ற கணக்குதான் இது. வேகமாகப் பாய்ந்தால் மணல் அரிக்கும். மெதுவாகப் பாய்ந்தால் வழியிலேயே உறைந்துவிடும்.

இனி வருவது ‘ரைசர்’. பலருக்கும் தெளிவில்லாத சொல் இது. அச்சு நிறைந்ததும் உலோகம் அதில் மேலெழுந்து தெரிவதால் இந்தப் பெயர். அதன் வேலையோ வேறு: ஊட்டுவது. அதனால்தான் ‘ஃபீடர்’ என்றும் சொல்கிறார்கள். எதை ஊட்டுகிறது என்று புரிய, உலோகம் மூன்று கட்டமாகச் சுருங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். திரவமாகவே குளிரும்போது ஒரு சுருக்கம். திரவம் திடமாக மாறும் கணத்தில் இன்னொன்று. திடமான பிறகு அறைவெப்பத்துக்கு வரும்வரை மூன்றாவது. முதல் இரண்டையும் ஈடுகட்டுவது ரைசர். அலுமினியம் உறையும்போது மட்டும் அதன் கன அளவில் நூற்றுக்கு 6 அல்லது 7 பங்கு குறைகிறது. ரைசர் இல்லாவிட்டால் அந்தப் பள்ளம் வார்ப்படத்தின் உள்ளேயே விழும். சாம்பல் வார்ப்பிரும்பு இதில் விதிவிலக்கு. உறையும்போது கிராஃபைட் பிரிந்து விரிவதால் பெரும்பகுதிச் சுருக்கத்தை அதுவே சரிக்கட்டிக்கொள்கிறது.

மூன்றாவது சுருக்கத்தை ரைசரால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு மாதிரியையே பெரிதாகச் செய்ய வேண்டும். வார்ப்பிரும்புக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 1, எஃகுக்கு ஏறத்தாழ 2. இதற்காக மாதிரி செய்யும் தச்சர்கள் ‘சுருக்க அளவுகோல்’ என்று தனியாக ஒன்று வைத்திருந்தார்கள். அதில் கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி சற்றே அதிகமாகக் குறிக்கப்பட்டிருக்கும். கணக்கே போடாமல் அந்தக் கோலால் அளந்து செய்தால் மாதிரி சரியான அளவு பெரிதாக வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த கருவிகளில் இது ஒன்று. ஒரு உலோகத்தின் இயல்பையே மரத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.

ரைசர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? வார்ப்படம் உறைந்து முடியும்வரை ரைசர் உருகிய நிலையில் இருக்க வேண்டும். உறையும் நேரம், கன அளவை மேற்பரப்பால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று 1940இல் பொறியாளர் குவோரினோவ் காட்டினார். தடித்த பகுதி கடைசியில் உறையும் என்று பட்டறையில் கைப்பழக்கமாகத் தெரிந்திருந்ததற்கு அது ஒரு சூத்திரம் கொடுத்தது.

உறைந்த பிறகு மணலை உதறி, ஸ்ப்ரூவையும் ரைசரையும் வெட்டி, பிசிறைத் தேய்த்து எடுப்பது ‘ஃபெட்லிங்’. ஒழுங்குபடுத்து என்று பொருள்படும் பழைய ஆங்கில வினை.

மணல் வார்ப்பின் உட்பிரிவுகள் இனி எளிது. பெரும்பாலும் எல்லாமே ‘மணலைப் பிடித்துவைப்பது எது’ என்ற கேள்விக்கு விடைகள். ஈரக் களிமண் பிடித்தால் பச்சை மணல். அதையே சூட்டில் உலர்த்தினால் உலர் மணல். சோடியம் சிலிக்கேட் கலந்து கரியமில வாயுவைச் செலுத்தி இறுகவைத்தால் சிஓ2 முறை. சூடேற்றாமல் பிசினும் வினையூக்கியும் சேர்த்து இறுகவிட்டால் ‘நோ-பேக்’. சூடான உலோக மாதிரியின் மேல் பிசின் பூசிய மணலைக் கொட்டினால் சில மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு ஓடு உருவாகும். அதுதான் ஷெல் மோல்டிங். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மனியில் யோஹான்னஸ் குரோனிங் உருவாக்கியதால் ‘குரோனிங் முறை’ என்றும் பெயர். பிளாஸ்டிக் படலத்தால் மூடிய வெறும் மணலைக் காற்றை உறிஞ்சியே நிற்கவைப்பது ‘வி-பிராசஸ்’. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானில் வந்தது. அங்கே ‘வி’ என்பது வெற்றிடத்தைக் குறிக்கிறது.

இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி 1707இல் இரும்புப் பாத்திரங்களை மணலில் வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஈராண்டு கழித்து, 1709இல், கோல்புரூக்டேலில் மரக்கரிக்குப் பதில் கோக் (காற்றுப் படாமல் சுட்டெடுத்த நிலக்கரி) கொண்டு இரும்பு உருக்கினார். புத்தகங்கள் இரண்டாவதைத்தான் கொண்டாடுகின்றன. எனக்கு முதலாவதும் அதே அளவு முக்கியம் என்று தோன்றுகிறது. மலிவான இரும்பு கிடைத்தது ஒரு பக்கம் என்றால், அதை மெல்லிய சுவர் கொண்ட பொருளாகத் திரும்பத் திரும்ப வார்க்கும் வழி கைவசம் இருந்தது மறுபக்கம்.

படி 4: மெழுகு வார்ப்பின் நான்கு பெயர்களையும் இணையுங்கள்

வேண்டிய உருவத்தை மெழுகில் செய்கிறோம். அதன் மேல் மண் பூசுகிறோம். சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறோம். மண்ணை உடைத்தால் உருவம் வெளியே வரும். மாதிரியை வெளியே இழுக்க வேண்டியதில்லை என்பதால் டிராஃப்ட், பிரிகோடு இரண்டும் தேவையில்லை. விரல் இடுக்கு, ஆடை மடிப்பு, சுருள்முடி எதுவானாலும் வார்க்கலாம்.

பிரெஞ்சில் ‘சிர் பெர்டு’ என்றால் இழந்த மெழுகு. ஆங்கிலப் பெயரும் அதே பொருள்தான். வடமொழியில் ‘மதூச்சிட்ட விதானம்’. மது என்றால் தேன், உச்சிட்டம் என்றால் மிச்சம். தேனை எடுத்த பிறகு எஞ்சுவது, அதாவது தேன்மெழுகு. இழப்பைப் பற்றி இந்தப் பெயர் பேசவே இல்லை. எந்தப் பொருளால் செய்வது என்று மட்டும் சொல்கிறது. 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் ‘மானசோல்லாசம்’ இந்த முறையை விவரிக்கிறது. சிற்ப மரபில் முழுதும் உலோகமாக வார்ப்பதைக் ‘கனம்’ என்றும் உள்ளீடற்றதாக வார்ப்பதைச் ‘சுஷிரம்’ என்றும் பிரிப்பார்கள். சோழர் காலச் செப்புத் திருமேனிகள் கனவார்ப்பு.

‘இன்வெஸ்ட்மென்ட்’ என்பதற்கும் முதலீட்டுக்கும் இங்கே தொடர்பில்லை. லத்தீனில் ‘வெஸ்டிரே’ என்றால் உடுத்துதல். மெழுகுக்கு உடுத்தும் போர்வையே ‘இன்வெஸ்ட்மென்ட்’. இதே முறையைப் பல் மருத்துவர்கள் கையிலெடுத்தார்கள். பல்லின் குழிக்கு அச்சொட்டாகப் பொருந்தும் பொன் அடைப்புகளை இப்படி வார்க்கும் முறையை 1907இல் வில்லியம் டாகர்ட் பரவலாக்கினார். அங்கிருந்து அது பொறியியலுக்குள் நுழைந்தது. இன்று தொழிற்சாலையில் மெழுகு மாதிரிகளைப் பீங்கான் கூழில் மாற்றி மாற்றித் தோய்த்து, மேலே மணல் தூவி, பல அடுக்கு ஓடாக்குகிறார்கள். பிறகு நீராவிக் கலத்தில் மெழுகைச் சட்டென்று உருக்குகிறார்கள். மெதுவாகச் சூடேற்றினால் மெழுகு விரிந்து பீங்கான் ஓட்டினை வெடிக்கவைத்துவிடும். ஜெட் எஞ்சின் சுழலிகளின் நிக்கல் கலவை இதழ்கள் இப்படித்தான் பிறக்கின்றன. அவற்றில் சில, இதழ் முழுதும் ஒரே படிகமாக உறையும்படி வார்க்கப்படுகின்றன. அச்சின் அடியில் சுருள் வடிவப் பாதை ஒன்று இருக்கும். கீழிருந்து வளரும் பல படிகங்களில் ஒன்று மட்டுமே அந்தச் சுருளைத் தாண்டி மேலே போக முடியும்.

இதன் தொன்மை எனக்கு இன்னும் திகைப்பைத் தருகிறது. பலுச்சிஸ்தானின் மெஹர்கரில் கிடைத்த சக்கர வடிவச் சிறு செப்புத் தாயத்து ஏறத்தாழ 6000 ஆண்டு பழையது. 2016இல் வெளிவந்த ஆய்வு, அது மெழுகு முறையில் ஒரே துண்டாக வார்க்கப்பட்டது என்று உறுதி செய்தது. யூதேயப் பாலைவனத்தில் நஹால் மிஷ்மார் குகையில் 1961இல் 400க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. அவற்றில் பல மெழுகு வார்ப்புகள். செம்பில் ஆர்செனிக், ஆண்டிமனி கலந்தவை. மொஹஞ்சதாரோவில் 1926இல் கிடைத்த ‘நடனமாது’ வெறும் 10.5 செ.மீ. உயரம்.

இந்த முறையில் உலோகத்தின் தேவையைக் கணக்கிடுவதும் சுலபம். வெண்கலம் மெழுகைவிட ஏறத்தாழ 9 மடங்கு அடர்த்தி. மெழுகு உருவத்தை நிறுத்து 9 மடங்கு எடுத்து, வாய்க்காலுக்கு உரியதைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

ஒரு பிரிவை மட்டும் நினைவில் வையுங்கள். கலைஞர் கையால் செய்த மெழுகே கரைந்துபோனால் அது நேர்முறை. ஒரே ஒரு உருவம்தான், தவறினால் எல்லாம் போயிற்று. மூல உருவத்திலிருந்து துண்டு அச்சு எடுத்து அதில் மெழுகை வார்த்துக்கொண்டால் மறைமுறை, மூலம் பிழைக்கும். 1972இல் இத்தாலியின் ரியாச்சே கடலில் கிடைத்த கிரேக்க வீரர் சிலைகளைப் பற்றிப் பேசும்போது இந்த இரு சொற்களும் ஓயாமல் வரும்.

‘லாஸ்ட் ஃபோம்’ இதன் இளைய உறவு. மெழுகுக்குப் பதில் பாலிஸ்டைரீன் நுரை. ஹரோல்ட் ஷ்ராயர் 1958இல் காப்புரிமை பெற்றார். நுரையை முன்கூட்டி அகற்றுவதில்லை. ஊற்றும் உலோகமே அதை ஆவியாக்கி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

படி 5: தடிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

உள்ளீடற்ற பெரிய வார்ப்பில் வெளி அச்சுக்கும் உள்கருவுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் உலோகத்தின் தடிப்பு. அதை எப்படி உண்டாக்குவது என்பதில் இரு பழைய மரபுகள் எதிரெதிர்த் திசையில் போயின.

சீனாவின் ஷாங் காலத்தவர்கள் களிமண்ணில் மாதிரி செய்து, அதன் மேல் களிமண்ணை அப்பி, காய்ந்ததும் துண்டு துண்டாக வெட்டி எடுத்தார்கள். பிறகு மாதிரியின் மேற்பரப்பையே சுரண்டி மெலிதாக்கினார்கள். சுரண்டிய அளவுதான் தடிப்பு. மாதிரியே உள்கருவாகிவிட்டது. 1939இல் அன்யாங்கில் கிடைத்த ஹோமுவு என்ற நாற்கால் கலம் இந்தத் துண்டு அச்சு முறையில் வந்தது, எடை 832.84 கிலோ.

ஐரோப்பிய மணிக் கொல்லர்களோ தடிப்பைக் கூட்டினார்கள். செங்கல்லும் களிக்கலவையும் கொண்டு உள்கரு. அதன் மேல் மணியின் தடிப்புக்கு மண்ணால் ஒரு ‘பொய்மணி’. அதன் மேல் கோப். கோப்பைத் தூக்கி, பொய்மணியை உடைத்தெறிந்து, கோப்பைத் திரும்ப இறக்கினால் இடைவெளி தயார். வட்ட வடிவத்தைச் சீவ அச்சுத்தண்டில் சுழலும் பலகை ‘ஸ்ட்ரிக்கிள்’. களியும் மணலும் சாணமும் கலந்த அந்தக் கலவை ‘லோம்’. மாஸ்கோவின் ஜார் மணி 1735இல் குழிக்குள் வார்க்கப்பட்டது. ஏறத்தாழ 200 டன். 1737 தீ விபத்தில் 11.5 டன் துண்டு உடைந்து விழுந்தது. அந்த மணி ஒருபோதும் ஒலித்ததில்லை.

ஜப்பானின் நாரா பெரும்புத்தர் போன்ற ராட்சத உருவங்களை ஒரே ஊற்றில் முடிக்க இயலாது. 8 அடுக்காகக் கீழிருந்து மேலே வார்த்துக்கொண்டே போனார்கள். கண் திறப்புச் சடங்கு 752இல் நடந்தது.

படி 6: அழியாத அச்சுகளை இனம் காணுங்கள்

அச்சு நிலைத்திருக்கும் முறை நவீனமானது என்று நினைத்துவிடாதீர்கள். வெண்கலக் காலத்தில் கல்லில் குடைந்த திறந்த அச்சில் கோடரி வார்த்தார்கள். பிறகு இரண்டு கல்லை மூடி வார்த்தார்கள். பிறகு காம்பு செருகும் துளைக்கு உள்கரு வைத்தார்கள்.

அச்செழுத்து இதன் அடுத்த பெரிய அத்தியாயம். கொரியாவில் 1377இலேயே வார்த்த உலோக எழுத்துகளால் நூல் அச்சாகியிருந்தது. ஐரோப்பாவில் 1450 வாக்கில் குட்டன்பெர்க். ஈயம், வெள்ளீயம், ஆண்டிமனி கலந்த எழுத்து உலோகத்தில் ஆண்டிமனிக்கு முக்கியப் பங்கு உண்டு. அது எழுத்தைக் கடினமாக்கும். சுருக்கத்தையும் குறைத்து விளிம்பைக் கூர்மையாக வைக்கும். 1849இல் ஸ்டர்ஜஸ் காப்புரிமை பெற்ற கை இயந்திரம், உருகிய உலோகத்தை அழுத்தி எழுத்து வார்த்தது. இன்றைய பிரஷர் டை காஸ்டிங் அதன் வழித்தோன்றல்.

‘டை’ என்ற சொல்லுக்கும் பகடைக்காயைக் குறிக்கும் சொல்லுக்கும் மூலம் ஒன்று. பிரிட்டிஷ் வழக்கில் எந்த உலோக அச்சில் வார்த்தாலும் டை காஸ்டிங். ஊற்றினால் ‘கிராவிட்டி டை’, அழுத்தினால் ‘பிரஷர் டை’. அமெரிக்க வழக்கில் அழுத்துவது மட்டுமே டை காஸ்டிங்; வெறுமனே ஊற்றினால் ‘பெர்மனென்ட் மோல்டு’. எழுதியவர் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் படித்தால் விவரமே தலைகீழாகிவிடும்.

‘ஹாட் சேம்பர்’, ‘கோல்டு சேம்பர்’ என்பவை உலோகத்தை உந்தும் அறையைப் பற்றியவை. துத்தநாகத்துக்கு அறை உருகிய உலோகத்திலேயே மூழ்கியிருக்கலாம். அலுமினியம் அப்படி விட்டால் இரும்பு அறையையே கரைத்துத் தின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் அகப்பையால் மொண்டு வெளியறையில் ஊற்ற வேண்டும். ‘ஜமாக்’ என்ற துத்தநாகக் கலவையின் பெயர், துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மன் பெயர்களது முதலெழுத்துகள்.

படி 7: உலோகத்தின் பெயரை முறையின் பெயரோடு கலக்காதீர்கள்

‘பிக் அயர்ன்’: உலையிலிருந்து வரும் இரும்பு மணலில் ஒரு நடு வாய்க்காலில் ஓடி இருபுறமும் சிறு குழிகளில் உறையும். தாய்ப்பன்றியும் பால் குடிக்கும் குட்டிகளும் போலத் தோன்றியதால் அந்தப் பெயர். சாம்பல் இரும்பு, வெள்ளை இரும்பு என்பவை உடைத்த முகத்தின் நிறம். கிராஃபைட் பிரிந்திருந்தால் சாம்பல்; கரி இரும்போடு சேர்ந்து கார்பைடாக உறைந்திருந்தால் வெள்ளை. வெள்ளை இரும்பை நீண்ட நேரம் பதப்படுத்தினால் ‘மேலியபிள்’. 1940களில் சிறிதளவு மக்னீசியம் சேர்த்ததும் கிராஃபைட் செதில்கள் உருண்டைகளாயின. அதுதான் ‘டக்டைல்’ இரும்பு.

‘காஸ்ட் ஸ்டீல்’ முத்திரைக்கு வருவோம். 1740களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் எஃகை மூசையில் முழுதாக உருக்கிக் கட்டியாக வார்த்தார். அந்தக் கட்டியைக் காய்ச்சி அடித்தே உளியும் ரம்பமும் செய்தார்கள். முத்திரை சொல்வது கட்டியின் பிறப்பை. கருவியின் வடிவம் சுத்தியலின் வேலை.

செம்பில் நூற்றுக்கு 10 பங்கு வெள்ளீயம் சேர்த்தால் உருகுநிலை 1085 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 1000 டிகிரிக்கு இறங்கும், ஓட்டமும் கூடும். ஃபுளோரன்ஸில் சிற்பி செல்லினி தன் பெர்சியஸ் சிலையை வார்க்கும்போது உலோகம் உறையத் தொடங்கியதாம். வீட்டிலிருந்த வெள்ளீயக் கலவைத் தட்டுகளை அள்ளி உலையில் போட்டதாக அவரே எழுதியிருக்கிறார். பதற்றத்தில் செய்தாலும் அது சரியான வேதியியல்.

படி 8: கையில் ஒரு வார்ப்படத்தை எடுத்துப் படியுங்கள்

இதுவரை படித்ததைச் சோதித்துப் பார்க்க, கையில் கிடைக்கும் எந்த வார்ப்படமும் போதும்.

சுற்றிலும் மெல்லிய வரம்பு ஓடுகிறதா? அது பிரிகோடு, அச்சு இரு பாதியாக இருந்திருக்கிறது. மேற்பரப்பில் மணல் பதிந்த சொரசொரப்பு இருந்தால் மணல் வார்ப்பு. வழவழவென்று, சுவர் மெலிதாக, உட்பக்கத்தில் சிறு வட்டத் தழும்புகள் வரிசையாக இருந்தால் பிரஷர் டை காஸ்டிங். அந்த வட்டங்கள் வார்ப்படத்தை அச்சிலிருந்து தள்ளிய ஊசிகளின் தடம். பிரிகோடே இல்லாமல், உட்குழிவான நுண்வேலைப்பாடு இருந்தால் மெழுகைச் சந்தேகியுங்கள். மறைமுறை என்றால் மெழுகு மாதிரியின் தையல் மட்டும் மங்கலாகத் தெரியலாம். மேற்பரப்பெங்கும் சிறு மணிகள் நெருக்கியடித்தது போன்ற அமைப்பு இருந்தால் நுரை மாதிரி.

குழாயானால் வாயில் விரலை விட்டுப் பாருங்கள். நீளவாட்டில் பிரிகோடு இல்லாமல், உட்புறம் ஒரே சீரான வட்டமாக இருந்தால், உள்கருவே இல்லாமல் அச்சைச் சுழற்றி வார்த்திருக்க வாய்ப்பு அதிகம்.

இரும்பாக இருந்தால் கடைசியாக ஒன்று: நூலில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். கிராஃபைட் செதில்கள் அதிர்வை விழுங்குவதால் சாம்பல் இரும்பு ‘டொக்’கென்று மந்தமாக அடங்கும். டக்டைல் இரும்பும் எஃகும் மணி போல நீண்டு ஒலிக்கும்.